மழை அளக்கும் மாணவனுக்கு ஆங்கிலக் கட்டுரை ஏன் வரமாட்டேன் என்கிறது?

கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. ஆங்கில மிஸ் வாரம் ஒரு பக்கம் கட்டுரை எழுதிவரச் சொல்கிறார். 'என் அன்றாட வாழ்க்கை', 'என் பள்ளி', 'என் பொழுதுபோக்கு' என்று தலைப்புகள் வருகின்றன. தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் வரிக்கு வரி சிவப்பு மை. கைப்பேசியில் தேடி எடுத்து எழுதினால் மிஸ் உடனே கண்டுபிடித்துவிடுகிறார். அவனுக்குப் பிடித்ததெல்லாம் வீட்டின் பின்புறம் ஒரு கண்ணாடி ஜாடி வைத்து மழையை அளந்து நோட்டில் குறிப்பதுதான். 'அது வெட்டி வேலை, அந்த நேரத்தில் இங்கிலீஷ் படி' என்கிறார்கள் வீட்டில். ஆங்கிலம் வர வேண்டுமானால் மழை அளப்பதை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டு முடித்திருக்கிறான்.

தம்பி, விட வேண்டுமா கூடாதா என்பதுதான் நீ கேட்டது. ஆனால் உன் கேள்வியை முழுவதும் படித்தபோது எனக்குத் தெரிந்த சிக்கல் வேறு. சொல்வதற்கு உன்னிடம் எதுவும் இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் நிரப்பப் பார்க்கிறாய். சொல்ல நிறைய இருக்கும் ஒன்றை அந்தப் பக்கத்துக்குள் விடவே மறுக்கிறாய். மழையை விடாதே. அடுத்த வாரக் கட்டுரையை அந்த மழை நோட்டிலிருந்தே எழுது. நீலகிரியில் கூடலூரிலும் குன்னூரிலும் கோத்தகிரிப் பக்கத்திலும் பல ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்திவருகிறேன். கீழே எழுதுவது அந்த வகுப்பறைகளில் கண்டதும், ஆசிரியர் பயிற்சிக்காகப் படித்ததும். எது உறுதி, எதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில், மிஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பது. கைப்பேசியில் தேடி எடுத்ததாக நீ காட்டியிருக்கும் கட்டுரை 'ஐ கெட் அப் அட் ஃபைவ் ஓ கிளாக்' என்று தொடங்குகிறது. பல் துலக்குகிறாய், குளிக்கிறாய், பெற்றோரை வணங்குகிறாய், சத்தான உணவு உண்கிறாய், மாலையில் நண்பர்களோடு பூங்காவில் விளையாடுகிறாய். உன் ஊரில் பூங்கா எங்கே இருக்கிறது? உங்கள் ஊர்ப் பையன்கள் விளையாடுவது பள்ளி மைதானத்தில், இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் கிடைக்கும் கொஞ்சம் சமமான மண்ணில். பிழையே இல்லாத ஆங்கிலம் மட்டும் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கட்டுரைக்குள் நீயும் இல்லை, உன் ஊரும் இல்லை. அதே பத்தி சேலத்திலும் தஞ்சாவூரிலும் ஒரு எழுத்து மாறாமல் பொருந்தும். ஒரு வகுப்பில் நாற்பது நோட்டுகளைத் திருத்துகிறவருக்கு இது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இதில் உன் குற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை. தலைப்பே அப்படிப்பட்டது. 'அன்றாடம்' என்று கேட்டால் தினமும் நடப்பதைத்தான் எழுதத் தோன்றும். தினமும் நடப்பது எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். அதனால் என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் மாற்றம் மிகச் சின்னது. 'தினமும்' என்பதை எடுத்துவிட்டு ஒரு குறிப்பிட்ட நாளை வை. போன செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள். மிஸ் கொடுத்த தலைப்பை மீறியதாக ஆகாது. என் அன்றாட வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு நாளையே சாட்சியாகக் காட்டுகிறாய், அவ்வளவுதான். முதல் வரியில் அப்படி ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் எந்த ஆசிரியரும் ஏற்றுக்கொள்வார்.

இப்படி மாற்றினால் இலக்கணத்திலும் ஒரு சுமை குறையும். தினமும் செய்வதை எழுதும்போது ஆங்கிலத்தில் 'அவன் போகிறான்' என்பதற்கு வினைச்சொல்லின் கடைசியில் ஒரு 'எஸ்' வேண்டும், 'நான் போகிறேன்' என்பதற்கு வேண்டாம். அம்மா, பஸ், மழை என்று ஆள் மாறும்போதெல்லாம் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடந்த காலத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நான் போனேன், அவள் போனாள், பஸ் போனது, எல்லாவற்றுக்கும் 'வென்ட்' ஒன்றுதான். விதிவிலக்கு 'வாஸ்', 'வேர்' மட்டுமே. ஒழுங்கில்லாத கடந்தகால வடிவங்கள் சிலவற்றை மனப்பாடம் செய்தே தீர வேண்டும். ஆனால் அவை உன் நோட்டில் திரும்பத் திரும்ப வரும் சொற்களாக இருப்பதால் விரைவில் கைக்கு வந்துவிடும்.

நீ கட்டுரையோடு உன் மழை நோட்டிலிருந்தும் நான்கு வரி காட்டியிருக்கிறாய். அதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். 'செவ்வாய் 23 மி.மீ. இரவு முழுக்க மழை. பஸ் வரவில்லை. பெரியம்மா வீட்டு வேலி சரிந்தது. புதன் 4. வியாழன் 0, காலை முழுக்க மூடுபனி, ஜாடியின் வெளிப்பக்கம் மட்டும் ஈரம்.' நீ கட்டுரை என்று காட்டியதைவிட இதுதான் கட்டுரை. ஜாடிக்குள் ஒரு சொட்டுகூட இல்லை, வெளியே நனைந்திருக்கிறது என்பதை நீ குனிந்து பார்த்திருக்கிறாய், அது வினோதமாகத் தோன்றியிருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறாய். மூடுபனியின் துளிகள் மிக நுண்ணியவை. மழைத்துளிபோல நேராக விழாமல் காற்றோடு மிதந்துவந்து எதிர்ப்படும் பொருளில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஜாடியின் பக்கவாட்டில் ஈரம், உள்ளே வெறுமை. சோலைக்காட்டு மரங்கள் மழை இல்லாத நாளிலும் சொட்டிக்கொண்டு நிற்பதும் இதனால்தான். இலைகளில் ஒட்டிய துளிகள் சேர்ந்து கனத்துக் கீழே விழுகின்றன. கோத்தகிரிப் பக்கத்து லாங்வுட் சோலைக்குள் மூடுபனி நாளில் போனால் இதைத் தலையிலேயே உணரலாம். இந்த ஒரு வரியை விரித்தாலே உனக்கு அரைப் பக்கம் வந்துவிடும்.

இனி சிவப்பு மை. நீயே தமிழிலிருந்து மாற்றி எழுதியிருக்கும் வாக்கியங்களைப் பார்த்தால் பெரும்பாலான பிழை ஒரே இடத்திலிருந்து வருகிறது. 'எழுந்து, முகம் கழுவி, ஜாடியைப் பார்த்து, நோட்டில் எழுதி, டீ குடித்து, பஸ்ஸுக்கு ஓடினேன்' என்று தமிழில் எவ்வளவு நீளமாகவும் போகலாம். கடைசியில் ஒரே ஒரு முற்றுவினை வந்தால் போதும். மற்றதெல்லாம் வினையெச்சமாக வரிசையில் நிற்கும். ஆங்கிலத்தில் இந்த வரிசையை அப்படியே தூக்கிவைக்க முடியாது. நீ ஒவ்வொரு வினையெச்சத்தையும் 'ஆண்ட்' போட்டு ஒட்டுகிறாய், அல்லது காலம் காட்டாத வினைச்சொல்லாக விட்டுவிடுகிறாய். இரண்டுமே சிவக்கும். வழி எளிது. ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழிலேயே உடைத்துவிடு. எழுந்தேன். ஜாடியைப் பார்த்தேன். 23 மி.மீ. இருந்தது. நோட்டில் எழுதினேன். பஸ்ஸுக்கு ஓடினேன். இப்படி முற்றுவினைகளாக உடைத்த தமிழை மாற்றினால் பிழை பாதியாகக் குறைவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வாக்கியங்கள் குட்டையாகத்தான் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் அது குறையே இல்லை. பின்னால் அவற்றை இணைக்கக் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று, எழுவாயை விட்டுவிடுவது. 'போனேன்' என்றாலே நான் என்பது தமிழில் தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் தெரியாது. மழை பெய்தது, குளிராக இருந்தது, இருட்டாக இருந்தது என்று வரும் இடங்களில் எல்லாம் ஆங்கிலம் முன்னால் ஓர் 'இட்' கேட்கும். மழையைப் பற்றி எழுதுகிறவனுக்கு இது அடிக்கடி வேண்டியிருப்பதால் சொன்னேன். 'எ', 'ஆன்', 'த' என்ற மூன்றும் எங்கே வரும், எங்கே வராது என்பதை இப்போதைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தமிழில் இவற்றுக்கு நேரான ஒன்று இல்லாததால் நம்மில் எல்லாருக்கும் கடைசியாக வசப்படுவது இவைதான். பட்டம் பெற்றவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள். நிறையப் படிக்கப் படிக்கக் காது பழகும்.

உன் செவ்வாய்க்கிழமை இப்படித் தொடங்கலாம்: 'லாஸ்ட் டியூஸ்டே த பஸ் டிட் நாட் கம். ஐ வெயிட்டட் ஃபார் ஃபார்ட்டி மினிட்ஸ். த ஃபாக் வாஸ் ஸோ திக் தட் ஐ குட் நாட் ஸீ த டீ ஷாப் அக்ராஸ் த ரோட்.' மூன்று வாக்கியம். கடினமான சொல் ஒன்றும் இல்லை. நாற்பது நிமிடம், டீக்கடை என்பவை என் கற்பனை. நீ உண்மையில் எவ்வளவு நேரம் நின்றாய், சாலைக்கு எதிரே என்ன இருந்தது என்பதைப் போட்டுக்கொள். படிக்கிற மிஸ்ஸுக்கு அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டியிருக்கும். அன்று எப்படிப் பள்ளிக்குப் போனாய்? நடந்தாயா, ஜீப் கிடைத்ததா? வழியில் காட்டெருமை நின்றதா? பிரேயர் முடிந்து போனால் என்ன சொன்னார்கள்? ஈரமான ஸ்வெட்டரோடு முதல் பீரியட் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது? மலையில் படிக்கிற பிள்ளையின் பள்ளி நாள் என்பது இவைதான். சமவெளியில் இருக்கிற மாணவன் இதை எழுத முடியாது, எந்த இணையதளத்திலும் இது கிடைக்காது.

இது என் சொந்த விருப்பு மட்டும் இல்லை. என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில், பெங்களூரிலும் சென்னையிலும், ஒரு முயற்சியை நடத்தினார். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் பெங்களூர்த் திட்டம் என்று இதைப் படிக்கிறார்கள். இலக்கணத்தைப் பாடமாக நடத்தாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போவது என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற வேலைகளை ஆங்கிலத்தில் செய்யவைத்தார். மனம் வேலையில் இருக்கும்போது மொழி தானாகப் பிடிபடும் என்பது அவர் கருத்து. வெறுமனே தகவலைப் பரிமாறுவதைவிட, காரணம் கண்டுபிடிக்க வேண்டிய வேலைகளில்தான் பிள்ளைகள் நன்றாக ஈடுபட்டார்கள் என்றும் கண்டார். பின்னால் இதை மதிப்பிட்டவர்கள் பலன் இருப்பதாகச் சொன்னாலும் முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. இலக்கணத்தை அறவே நடத்தாமல் விடலாமா என்பதில் இன்றும் ஆசிரியர்களுக்குள் வாதம் உண்டு. நான் இலக்கணம் நடத்துகிறவன்தான். ஆனால் காரணம் தேடும் வேலை மொழியைப் பழக்கும் என்பதை வகுப்பில் பார்த்துப் பார்த்து உறுதியாக நம்புகிறேன்.

காரணம் தேட உன்னிடம் நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது, உதகை, குந்தா, கூடலூர், பந்தலூர் வட்டங்களில் மட்டும் பள்ளிகளுக்கு விடுமுறை என்று மாவட்ட ஆட்சியர் அறிவிப்பது வழக்கம். கோத்தகிரி மாணவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ஒரே மாவட்டம், ஏன் அவர்களுக்கு மட்டும்? மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்துச் சரிவுகளில் மோதி ஏறும்போதே பெரும்பகுதி மழையைக் கொட்டிவிடுகிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதன் தொடரும் நடுவில் நிற்க, கிழக்குப் பக்கம் இருக்கும் கோத்தகிரிக்கு மிச்சம்தான் கிடைக்கிறது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை எதிர்த்திசையிலிருந்து வரும். அப்போது உங்கள் பக்கம் கனக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும், 2009 நவம்பரில் கேத்தியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. மாதங்களைப் பார், இரண்டும் வெவ்வேறு பருவமழை. 'அவர்களுக்கு விடுமுறை, எங்களுக்கு ஏன் இல்லை' என்று தலைப்பு வைத்து எழுதிப்பார். 'பிகாஸ்', 'ஸோ', 'பட்', 'வைல்' என்ற இணைப்புச் சொற்களை வலிந்து நுழைக்க வேண்டியிருக்காது. விஷயமே அவற்றைக் கேட்டு வாங்கும்.

அளப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். நான் வானிலை படித்தவன் இல்லை. இந்தப் பகுதியில் சந்தேகம் வந்தால் உன் புவியியல் ஆசிரியரின் சொல்லே செல்லும். ஜாடி மேலிருந்து அடிவரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். டம்ளர்போல மேலே விரிந்திருந்தால் அளவு தவறும். ஜாடியின் அடிப்பக்கம் உள்ளே மேடு தட்டியிருந்தால், அந்த மேடு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போட்டு, அதைச் சுழியமாக வைத்துக்கொள். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்காதே. வானிலை ஆய்வு மையம் ஒரு நாளின் மழை என்று சொல்வது, முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்ததை. நீ பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருப்பதால் ஏழு மணிக்கு அளக்கிறாய். தினமும் அதே நேரத்தில் அளந்தால் தவறில்லை. ஆனால் பத்திரிகையில் வரும் கோத்தகிரி அளவோடு ஒப்பிட்டு எழுதும்போது, இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடு. அப்படிச் சொல்வது அளவுக்கும் நல்லது, ஆங்கிலத்துக்கும் நல்லது. 'ஆல்தோ' என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கணக்கையும் கட்டுரைக்குள் கொண்டுவரலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் வீட்டுக் கூரை 40 சதுர மீட்டர் என்றால், செவ்வாய்க்கிழமை காலை நீ அளந்த 23 மி.மீ. மழையில் அதன் மேல் விழுந்தது 920 லிட்டர். குடத்தில் தண்ணீர் தூக்குகிற வீட்டில் இந்த எண்ணை உரக்கப் படித்துக்காட்டு, என்ன சொல்கிறார்கள் என்று பார். 'கனமழை' என்ற சொல்லையும் இனிமேல் அளந்தே பயன்படுத்து. வானிலைத் துறைக்கு 64.5 மி.மீ. தொட்டால்தான் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. உன்னுடைய 23 மி.மீ. இதில் எதுவுமே இல்லை. ஆனாலும் பஸ் வரவில்லை, வேலி சரிந்தது. கனமழை இல்லாமலேயே ஏன் இப்படி ஆயிற்று என்பதும் நல்ல கேள்வி. அதற்கு முந்தைய நாட்களில் எவ்வளவு பெய்து மண் ஊறியிருந்தது என்பதை உன் நோட்டைப் புரட்டினால் பார்க்கலாம்.

இப்படிச் சின்ன விஷயங்களைக் குறித்துவைத்து எழுதியே பெயர் பெற்றவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். மா. கிருஷ்ணன் கல்கத்தாவிலிருந்து வரும் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் காலமாகும்வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார். யானையையும் எழுதினார், வீட்டு முற்றத்துக் காக்கையையும் அணிலையும் அதே அக்கறையோடு எழுதினார். அவருடைய ஆங்கிலம் உனக்கு இப்போது கடினமாக இருக்கும். பள்ளி நூலகத்தில் அவருடைய தமிழ்க் கட்டுரைகள் இருந்தால் அதிலிருந்து தொடங்கு.

சிவப்பு மையைப் பற்றி ஒரு வார்த்தை, இது உன் மிஸ்ஸும் படிக்கக்கூடும் என்பதால். ஒவ்வொரு பிழையையும் திருத்துவதால் மாணவன் எழுத்து மேம்படுமா என்பதில் ஆராய்ச்சியாளர்களே இரண்டு பட்டவர்கள். 1996இல் ஜான் டிரஸ்காட் அதனால் பயனில்லை, கெடுதல்தான் என்று எழுதினார். 1999இல் டேனா ஃபெரிஸ் அதை மறுத்து, தேர்ந்தெடுத்துத் தெளிவாகத் திருத்தினால் பயன் உண்டு என்றார். வாதம் இன்னும் ஓயவில்லை. நான் கடைப்பிடிப்பது நடுவழி. ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துவேன். நீ மிஸ்ஸிடம் போய், 'இந்த வாரம் கடந்தகால வினைச்சொற்களை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் மிஸ்' என்று கேட்கலாம். மாணவன் தானாக வந்து இப்படிக் கேட்டால் மறுக்கிற ஆசிரியரை நான் பார்த்ததில்லை. திருத்தி வந்த நோட்டைத் திறந்து பார்க்காமல் மூடிவைப்பதுதான் நம் பிள்ளைகளிடம் பெரிய குறை. சிவந்த வாக்கியம் ஒவ்வொன்றையும் சரியான வடிவில் ஒருமுறை திருப்பி எழுது.

கைப்பேசிச் செயலியில் கேட்டால் கட்டுரையே வந்துவிடுகிறது என்கிறாய். வரும். ஆனால் வாக்கியத்தை நீ தேடித் தடுமாறி அமைக்கும் அந்த நேரத்தில்தான் மொழி உன்னிடம் சேர்கிறது. அதைச் செயலி செய்துவிட்டால் உனக்கு எதுவும் மிஞ்சாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் நீயே முழுவதையும் எழுதி, பிறகு எந்த வாக்கியம் தவறு, ஏன் தவறு என்று மட்டும் செயலியிடம் கேட்பதால் பலன் உண்டா என்பது வேறு கேள்வி. உண்டு என்று நினைக்கிறேன், என் மாணவர்கள் சிலரிடம் கண்டும் இருக்கிறேன். ஆனால் இது புதிய விஷயம், சில மாணவர்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செயலி சொன்னதை மிஸ்ஸிடம் ஒருமுறை காட்டிவிடு.

வீட்டில் பெற்றோர் சொல்வதையும் தள்ளிவிடக் கூடாது. அம்மா தேயிலை பறிக்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறாய். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையை நம்பி வாழும் வீட்டில், பிள்ளையின் மதிப்பெண்மேல் கவலை இருப்பது நியாயம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ஆங்கிலத்தில் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள், தேர்ச்சிக்கு 35. அதில் பாடத்திலிருந்து வரும் பத்திகள், மனப்பாடச் செய்யுள், இலக்கண வினாக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மழை நோட்டு உதவாது, படித்துத்தான் ஆக வேண்டும். கடிதம், படத்தைப் பார்த்து விவரிப்பது போன்ற சொந்தமாக எழுதும் பகுதிகளில்தான் இந்தப் பழக்கம் மதிப்பெண்ணாக மாறும். அதை வீட்டில் மறைக்காமல் சொல். மழை அளக்கத் தினமும் ஆவது பத்து நிமிடம் என்றும், அந்தப் பத்து நிமிடத்தை இனி ஆங்கிலத்தில் எழுதப்போவதாகவும் சொல். திருத்திவந்த முதல் கட்டுரையை அம்மாவுக்குத் தமிழில் படித்துக்காட்டு. வேலி சரிந்த கதையில் பெரியம்மாவும் வருகிறார் என்பதால் கேட்பார்கள். இதை வைத்து வேலை கிடைக்கும் என்றெல்லாம் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இந்த மலையில் வீட்டில் படுக மொழியும் பள்ளியில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகள் ஏராளம். கூடலூர்ப் பக்கம் மலையாளமும் கன்னடமும் சேரும். காதால் கேட்டே இரண்டு மூன்று மொழி கற்றவர்களுக்கு இன்னொன்று வராது என்பதை நான் ஏற்பதில்லை. ஆனால் நான் மேலே சொன்னதெல்லாம் எழுத்துக்குத்தான். ஆங்கிலத்தில் பேசுவதற்கு வேறு பயிற்சி வேண்டும், தினமும் யாரோடாவது பேச வேண்டும். மழை நோட்டு அதற்குப் போதாது.

இந்த வாரத்துக்கு இவ்வளவு செய். சனிக்கிழமை அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தமிழில் முற்றுவினைகளாக உடைத்து எழுது, பதினைந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுது. தெரியாத சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிற அகராதியாகப் பார், பள்ளி நூலகத்தில் இருக்கும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஒருமுறை படித்து, வினைச்சொற்களின் காலத்தை மட்டும் சரிபார். ஜாடியின் வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்த வியாழக்கிழமையை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள். அதை எழுதியதும் இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.